விரதகாரனும் தகோயாகியும்

நேற்று மகள் கடையில் வாங்கிவந்த தகோயாகியைச் சூடாக்கி, மேலே மீன் சீவலைத் தூவினாள். வீடெல்லாம் மாசிக் கருவாட்டு வாசம். நான் எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். பழைய பயம்தான்.

தகோயாகி தெரியாதவர்களுக்கு: குண்டுத்தோசைச் சட்டி மாதிரி ஒரு குழிச்சட்டியில் மா ஊற்றி, நடுவில் எட்டுக்கால் கணவாய்த் துண்டு வைத்து, ஊசியால் உருட்டி உருட்டிச் சுடுவது.

கனடாவில் மொன்றியலுக்கு வந்த புதிதில் அங்கே வில்லரே என்ற பகுதியில் ஒரு ஜப்பான்காரம்மாவின் சின்னக் கடையில் அதைச் சுடப் பழகினேன். வேலை நிலைத்தால்தான் ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிடலாம். ஆகவே முருகனை நம்பிக் கந்தசஷ்டி விரதம் பிடித்தேன். ஒருநேரச் சாப்பாடு, அதுவும் சைவம். பார்த்து அந்தக் கிழமைதான் கடைக்கார அம்மா, "என் முன்னால் சுட்டு, நீயே தின்று காட்டு. பிறகு முடிவு சொல்கிறேன்" என்றார். தின்னாவிட்டால் வேலை போகும். தின்றால் விரதம் போகும். விரதம் போனால் வேலையும் போகும்.

அவர் பிரெஞ்சில் சொன்னதை எனக்குத் தமிழாக்கியவர் கூட வேலை செய்த சூசை அண்ணை. மன்னார்க்காரர், கிறிஸ்தவ வேதக்காரர். "ஒண்டுக்கும் யோசியாத. ஒரு உருண்டைக்குள்ள கிழங்கை வை. அதைத் தின்."

"மாவுக்குள்ள முட்டையும் மீன்தண்ணியும் கிடக்கே அண்ணை?"

"வேற மா கரைச்சுத் தாறன். மாதாவாணை ஒருத்தருக்கும் விளங்காது."

மாதாவின் பொறுப்பில் முருகன் விரதம்! சுட்டு, தட்டை நீட்டினேன். அம்மா ஆறுதலாகப் பார்த்து, சரியாக என் கிழங்கு உருண்டையை எடுத்து வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். சூசை அண்ணை குளிர்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பொஞ்சூரும் மெர்சியும்தான், அதாவது வணக்கமும் நன்றியும். இரண்டையும் மாறி மாறிச் சொன்னேன். பிறகு மேலே காட்டிக் கும்பிட்டு, வாயைப் பொத்தினேன். அம்மா அண்ணாந்து பார்த்தார். கூரை ஒழுகுகிறது என்று நினைத்திருப்பார். கடைசியில் சூசை அண்ணைதான் வந்து விளக்கினார்.

"உன் கடவுள் எப்போது சாப்பிட விடுவார்?" அம்மா கேட்டது அவ்வளவுதான். விரதம் முடிந்த மறுநாள் கணவாய் உருண்டையைத் தின்று காட்டினேன். வேலை நிலைத்தது, மனைவியும் வந்து சேர்ந்தாள். கிழங்கு உருண்டையோ அம்மாவுக்குப் பிடித்துப்போய், 'தகோயாகி முருகன்' என்று கடைப் பலகையில் ஏறியது. தாடி வளர்த்த பிரெஞ்சுப் பெடியள் வரிசையில் நின்று, "தோ முருகன், சில்வூப்ளே" என்று மரியாதையாகக் கேட்டு இரண்டு முருகன் வாங்கித் தின்றார்கள்.

இப்போது அங்கே கைபேசி திருத்தும் கடை. சூசை அண்ணை ரொறொன்ரோவுக்குப் போய்விட்டார். அம்மா காலமாகிவிட்டார். இருந்தவரை ஒவ்வொரு சஷ்டிக்கும், நான் கேட்காமலே, எனக்கென்று தனியாக மா கரைத்து வைப்பார். அவர் போன பிறகு நான் விரதம் பிடிக்கவில்லை. எனக்கு யார் தனி மா கரைப்பது?