ஒயூனா தனக்கே எழுதிக்கொண்ட சிபாரிசு

ஒயூனாவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வருட உதவித்தொகை. அது கிடைத்தால் ஹொக்கைடோவில் கால்நடை மருத்துவ மேற்படிப்பை முடித்துவிட்டு உலான்பாத்தருக்குத் திரும்பி, கணவனிடம் விட்டுவந்த நான்கு வயது மகனைத் தூக்கிக் கொஞ்சலாம். கிடைக்காவிட்டால் பாதியிலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சிபாரிசுக் கடிதம் கேட்டபோது பேராசிரியர் குராமோச்சி, அங்கே வழக்கமாகச் சொல்வதையே சொன்னார். "நீங்களே எழுதிட்டு வாங்க. முத்திரை போட்டுத் தர்றேன்."

தன்னைத் தானே புகழ்பவன் முட்டாள் என்று சொல்லி வளர்க்கப்பட்ட மங்கோலியப் பெண் அவள். "சுமாரான மாணவி, முயற்சி செய்வாள்" என்று எழுதி வைத்தாள். அறைத்தோழி சார்னாயும் மங்கோலியக்காரிதான். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதுக்குப் பிச்சைகூட விழாதுடி! 'இவளுக்கு ஆராய்ச்சிதான் உயிர், குடும்பமெல்லாம் அப்புறம்தான்'னு அடிச்சு விடு."

"பொய்யாச்சே அக்கா."

"அவர் எங்க படிக்கப் போறாரு? முத்திரைக்கு வாசிக்கத் தெரியுமா?"

குராமோச்சி படித்தார். அதுவும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நின்று நிதானமாக.

சில வாரம் கழித்து மாட்டுக் கொட்டகைக்கே அவளைத் தேடி வந்தார். "உங்க மன உறுதி எனக்குத் தெரியாமப் போச்சு. ஒரு வருஷப் பணம் உங்களுக்கு எதுக்கு? முனைவர் படிப்புக்கான பெரிய உதவித்தொகைக்கே உங்க பேரைக் கொடுத்தேன். கிடைச்சிடுச்சு. இன்னும் நாலு வருஷம் இங்கதான். குடும்பம் குறுக்க வராதுன்னு நானே வாக்குக் கொடுத்திருக்கேன்."

ஒயூனாவின் வாய் நன்றி சொன்னது. ஆப்பசைத்த குரங்குக்காவது கத்த முடிந்தது.

"வேண்டாம்னு சொல்லிடறேன் அக்கா," என்றாள் சார்னாயிடம்.

"சொல்லித்தான் பாரேன்! சிபாரிசு பண்ணினவர் மூஞ்சியில கரியப் பூசினா, அப்புறம் நம்ம ஊர்ப் பிள்ளைங்க ஒருத்தருக்கும் இங்க முத்திரை விழாது. அடுத்த வருஷம் என் தங்கச்சி வர்றா, ஞாபகம் வெச்சுக்கோ."

யோசனை சொன்னதும் இதே வாய்தான்.

உதவித்தொகை கிடைத்துவிட்டது என்று மட்டும் கணவனுக்குச் செய்தி அனுப்பினாள். மிச்சத்தைச் சொல்லத் துணிவு வரவில்லை. மறுநாள் பால் கறக்கும் நேரத்தில் கைபேசியில் மகன் தெமுலென் கைதட்டிக்கொண்டு வந்தான்.

"அம்மா, நீ ஜெயிச்சுட்டியாமே! ஜெயிச்ச குதிரைதானே முதல்ல வந்து சேரும்? நீ எப்ப வருவே?"

ஒயூனா கைபேசியை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"இங்க பாரு கண்ணு, எவ்ளோ பெரிய மாடு."