ஒரு கரண்டி எலுமிச்சைப் பாலாடை

அந்த மார்கழியில் என் மனைவிக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. எதைக் கொடுத்தாலும் வயிற்றில் நிற்கவில்லை. சோறு, கஞ்சி, ரொட்டி, இளநீர் எல்லாம் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தன. கடைசியில் வருவதற்கு ஒன்றும் இல்லாமல் மஞ்சளாகத் தண்ணீர் மட்டும் வந்தது. நான் வாசலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். உள்ளே போய்த் தலையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் என் தலையில் இருந்த எண்ணெய் வாசமே அவளுக்கு ஆகவில்லை.

இதற்கு முன் இரண்டு முறை எங்களுக்குக் கரு தங்கவில்லை. இரண்டாவது, மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது போனது. அடிவாரத்துக் காரவள்ளி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு கீழே போக வேண்டும் என்று யாராவது சொன்னாலே அவள் கை வயிற்றுக்குப் போய்விடும்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் அவளை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னும் கொஞ்சம் எறங்குனாலும் நான் இங்க வெச்சுப் பாக்க மாட்டேங்க. கீழ பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவேன். அடுத்த செவ்வாக்கெழம கூட்டிட்டு வாங்க."

"பஸ்ல அலையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்களே."

"அதுவும் நெசந்தான். அலைச்சலும் ஆகாது, பட்டினியும் ஆகாது. ஏதாச்சும் ஒன்னு உள்ள நிக்கற மாதிரி குடுங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏதாவது ஒன்று என்றதும் எனக்கு நினைவு வந்தது ஒரே ஒரு பண்டம்தான். அதற்கு முந்தின மாதம், பயந்து பயந்து டாக்டரைப் பார்க்க ஒரு தடவை கீழே போயிருந்தோம். திரும்பும் வழியில், நாங்கள் விளைந்த மிளகை விற்கும் வியாபாரி பாய் வீட்டில் அவளைச் சற்று நேரம் படுக்க வைத்தோம். பாயின் மனைவி பிரிட்ஜிலிருந்து சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வெள்ளையாக எதையோ எடுத்து வந்து கொடுத்தார். பார்க்கத் தயிர் மாதிரி இருந்தது, தயிர் இல்லை. கரண்டி பட்டதும் லேசாக ஆடியது. என் மனைவி மரியாதைக்காக ஒரு வாய் வைத்தாள். பிறகு கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். மேலே வருகிற வழியெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் நான் பையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வாந்தி எடுக்கவில்லை.

அன்று நான் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இது என்னதுங்க அக்கா?"

"பால் சாமான்தான் தம்பி. சர்க்கரை, எலுமிச்சம்பழம். வேற ஒன்னுமில்ல" என்றார்.

மேலே எதையும் கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தேன். யாரிடமும் இரண்டாவது கேள்வி கேட்க எனக்கு நாக்கு எழாது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருந்தேன்.

நர்ஸ் சொன்ன மறுநாள் காலை, எங்கள் பசு கறந்த பாலை அடுப்பில் வைத்தேன். சர்க்கரை போட்டேன். பொங்கி வரும்போது எலுமிச்சையைப் பிழிந்தேன். கண்ணெதிரே பால் உடைந்தது. வெள்ளைக் கட்டிகள் ஒருபக்கம், பச்சைத் தண்ணீர் ஒருபக்கம். கரண்டியால் கலக்கினால் சேர்ந்துவிடும் என்று கலக்கிக்கொண்டே இருந்தேன்.

அம்மா உள்ளே வந்து சட்டியைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் பால் திரிந்தால் அந்த வார்த்தையைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பாத்திரத்தை மூடி வெளியே கொண்டுபோய்ப் பலாமரத்தடியில் ஊற்றிவிட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்து, அன்று முழுக்கக் கவிழ்த்து வைப்பார்கள். முதல் கரு கலைந்த அன்று காலை பால் திரிந்திருந்தது. அது தானாகத் திரிந்தது. இப்போது நானே எலுமிச்சையைப் பிழிந்து திரித்து வைத்திருக்கிறேன்.

"புள்ளத்தாச்சி இருக்கற ஊட்டுல பாலப் போயி..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏஞ்சாமி, உனக்கு யாரு சாமி இந்தப் புத்தியக் குடுத்தா? இருக்கறதும் போகட்டும்னா?"

"அவளுக்கு ஒத்துக்குச்சும்மா. பாய் ஊட்டுல..."

"அவிய ஊட்டுல அவிய பாலு. நம்மூட்டு அடுப்புல இனி நீ பால் வெக்கக் கூடாது. சொல்லிப்போட்டேன்."

உள்ளறையிலிருந்து மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அம்மா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சட்டியை முந்தானையால் மூடி, எதையோ அடக்கம் செய்யக் கொண்டுபோகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திப் போனதைத்தான் பார்க்க முடியவில்லை.

மலை மேலே கடைவீதி இருக்கும் செம்மேட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலு பேர் நின்றால் உள்ளே பேசுவது அத்தனையும் கேட்கும். போன் போட்டேன். பாய்தான் எடுத்தார்.

"என்ன தம்பி, மிளகு வெலையா? இன்னும் எறங்கும்போல இருக்குதே."

"மிளகு இல்லீங்க பாய். அக்காகிட்ட ஒன்னு கேக்கணுங்க."

"அவகிட்டயா? என்ன கேக்கணும்?"

"அன்னைக்குக் குடுத்தாங்களே... அந்த வெள்ளையா இருந்துச்சே... அது எப்பிடிச் செய்யறதுன்னுங்க."

வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. "புள்ளைக்கு முடியலையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

அவர் மனைவி வந்தார். நான் பால் உடைந்த கதையைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "ஐயோ தம்பி, பால்ல செய்யக் கூடாது! என் தப்பு, நான் சரியாச் சொல்லல. ஆடை வேணும், கெட்டியான ஆடை மட்டும். ஆடையில எலுமிச்சை ஊத்துனா திரியாது, இறுகும். சக்கரை கரையற வரைக்கும் சின்னத் தீ. எறக்கி வெச்சுட்டுச் சாறு ஊத்து. ரெண்டு சுத்து கலக்கிட்டு விட்டுரு, நோண்டிக்கிட்டே இருக்காதே. வடிகட்டிக் குளிர வை. குளிரக் குளிரத்தான் அது நிக்கும்" என்றார். கடைசியில், "அழுவாதே தம்பி" என்றார். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வெளியே நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பசு கொடுக்கிற பாலில் கிடைக்கும் ஆடை ஒரு கரண்டிகூடத் தேறாது. ஆடை இருக்கிற இடம் செம்மேடு பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடைதான். அங்கே எருமைப்பால். பெரிய குண்டாவில் காய்ந்துகொண்டே இருக்கும். மேலே விரல் கனத்துக்கு ஆடை படியும். பழகியவர்கள் டீயின் மேல் ஒரு துண்டு போடச் சொல்லிக் கேட்பார்கள். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றேன். குறையவில்லை.

"ஆடை வேணுங்க" என்றேன்.

"டீ மேலயா?" என்றார் டீ மாஸ்டர்.

"இல்லீங்க. மொத்தமும்."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "கேட்டீங்களா கூத்த! இந்த மனுசன் வாயத் தொறந்து டீ கேட்டு நான் பாத்ததில்ல. வந்து நிப்பாரு, நானாப் பாத்துக் குடுப்பேன். இன்னைக்குக் குண்டா ஆடையும் வேணுமாம்!"

பெஞ்சில் இருந்த ஒருவர், "ரெண்டாயிரம் பொறந்தா ஒலகம் அழியுதுங்கறாங்கல்ல. அதுக்குள்ள தின்னு தீத்துரலாம்னு பாக்கறாரு" என்றார்.

"திங்கவா? மொகத்துக்குப் பூசி மாப்பிள்ளையாட்டம் ஆவறதுக்கா?" என்றார் இன்னொருவர்.

எனக்குக் காது சுட்டது. வழக்கமாக இருந்தால் திரும்பி நடந்திருப்பேன். "ஊட்டுல அவளுக்கு வயித்துல ஒன்னும் நிக்க மாட்டேங்குதுங்க. இது ஒன்னுதான் நின்னுச்சு" என்றேன். யாரும் மறுபடி சிரிக்கவில்லை. மாஸ்டர் குண்டாவை இறக்கி, தட்டைக் கரண்டியால் ஆடையை மடித்து மடித்து எடுத்து என் தூக்குப்போசியில் போட்டார். "நாளைக்கும் வேணும்னா காலையிலயே வந்துருங்க. இவனுக வாயில போறதுக்கு முன்னாடி" என்றார்.

வீட்டு அடுப்பில் வைக்கக் கூடாது. தோட்டத்தில் காவலுக்குப் போட்ட சாளையில் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தேன். ஆடையைக் கையால் பிசைந்து, கட்டி இல்லாமல் கொஞ்சம் பால் விட்டுக் கரைத்தேன். சர்க்கரை கரைந்தது. இறக்கி வைத்து எலுமிச்சைச் சாற்றை ஊற்றும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது உடையவில்லை. கரண்டியின் முதுகில் கெட்டியாகப் படிந்து நின்றது.

குளிர வைக்க பிரிட்ஜ் வேண்டும் என்றுதான் நினைத்தேன். பாய் வீட்டில் அதிலிருந்துதானே எடுத்துக் கொடுத்தார்கள். செம்மேட்டில் கூல்டிரிங்ஸ் கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு மூலையில் வைத்தேன். மறுநாள் போய் எடுத்துக்கொண்டு, ஈரத்துணி சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அழகாக உறைந்திருந்தது.

மனைவி எழுந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் கொஞ்சம் ஆசை தெரிந்தது. முதல் கரண்டி வாய்க்குப் போனதும் கண்கள் விரிந்தன. அப்படியே குனிந்து துப்பினாள். பிறகு வாந்தி நிற்கவே இல்லை. கடைசியில் லேசாக ரத்தம் கலந்து வந்தது.

"மல்லியப்பூ" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "பூவாட்டம் நாறுதுங்க."

வாயில் வைத்துப் பார்த்தேன். ஆமாம். கூல்டிரிங்ஸ் கடை வாசலில் பூ விற்கும் அம்மா மிஞ்சின மல்லிகையை அந்த பிரிட்ஜில்தான் வைப்பார். பக்கத்தில் இருந்த கூடையை நானே பார்த்தேன். ஆடை வாசத்தை இழுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாசம் ஆகாமல் மூன்று மாதமாகத் தலையில் பூ வைக்காமல் இருந்த பெண்ணின் வாயில் நான் மல்லிகையை ஊட்டியிருக்கிறேன்.

"வேண்டாங்க" என்றாள். "இனிமேட்டு ஒன்னும் செய்யாதீங்க. போறதுன்னா போகட்டும். எனக்குத் தெம்பு இல்லீங்க."

அன்று ஞாயிற்றுக்கிழமை. நர்ஸ் சொன்ன செவ்வாய்க்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது. நான் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொண்டுவந்தேன். வெளியே வைத்திருந்த குடத்துத் தண்ணீர். அவள் கொப்பளித்துவிட்டுச் சொம்பைத் தொண்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். கன்னத்தில் வைத்தாள். மறுபடி தொண்டையில்.

"இது நல்லாருக்குதுங்க. அவிய ஊட்டுக் கிண்ணமாட்டச் சில்லுன்னு" என்றாள்.

நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பனியில் பல் கிட்டுகிற மலையில் உட்கார்ந்துகொண்டு, நான் குளிரைத் தேடி பஸ் ஏறிப் போயிருக்கிறேன்.

உடனே கிளம்பிச் செம்மேடு போனேன். மாஸ்டர் என்னைப் பார்த்ததும் பேசாமல் கரண்டியை எடுத்தார். சாளையில் மறுபடியும் காய்ச்சினேன். தூக்குப்போசியை இறுக மூடி, எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையில், பாறை நிழலில், கழுத்து வரை தண்ணீரில் வைத்து மேலே ஒரு கல்லைப் பாரம் ஏற்றினேன். கையை எடுத்தபோது விரல்கள் மரத்திருந்தன.

திங்கட்கிழமை விடிந்ததும் போய் எடுத்தேன். பிரிட்ஜில் வைத்தது போல் உறையவில்லை. சாய்த்தால் மெதுவாக நகர்ந்தது. அதற்கு மேல் என்னிடம் வேறொன்றும் இல்லை. கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, சாப்பிடு என்று சொல்லக்கூடத் தைரியம் இல்லாமல் நின்றேன்.

அவள் முதலில் மோந்து பார்த்தாள். வெகுநேரம் மோந்தாள். பிறகு நுனிக் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தாள். விழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிட்டாள். நான் வாசலுக்கு வந்து உட்கார்ந்தேன். அம்மா மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். உள்ளே கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு முறை.

செவ்வாய்க்கிழமை நர்ஸ் மெஷின் முள்ளைக் குனிந்து பார்த்தார். ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

"இன்னொரு வாரம் பாக்கலாங்க" என்றார். "என்னத்தக் குடுத்தீங்க?"

சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "என்னமோ, அதையே குடுங்க" என்றார்.

அதையே கொடுத்தேன். சில நாள் நின்றது, சில நாள் நிற்கவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் அந்த முள்ளுக்கு முன்னால் நாங்கள் குற்றவாளிகளைப் போல நின்றோம். தை முழுக்கவும் மாசியில் பாதியும் இப்படியே போயின. கீழே போகச் சொல்லி எழுதிக் கொடுக்கவில்லை. ஆனியில் பெண் பிறந்தாள். இந்த மலையிலேயே, ரொம்பச் சின்னதாக.

ஆனால் எனக்கு அதிகம் நினைவில் இருப்பது மாசியில் ஒரு மத்தியானம். அவளாக எழுந்து வந்து, ரசம் ஊற்றி ஒரு கை சோறு சாப்பிட்டாள். நான் வழக்கம்போல வாசலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வெயில் சாய்ந்தது. அவள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஏனுங்க, தோட்டத்துக்குப் போகலையா?" என்றாள்.

"போறேன்" என்றேன். எழுந்திருக்கத்தான் பயமாக இருந்தது.