சித்தியின் பரணில் முளைத்த காளான்

சித்தி கல்யாணமாகித் தாராவிக்கு வந்தபோது அவளுக்குத் தெரிந்த இந்தி இரண்டே சொற்கள்: எவ்வளவு என்று கேட்க 'கித்னா', முடியாது என்று சொல்ல 'நஹி'. அந்த இரண்டை வைத்துக்கொண்டே காய்கறிக்காரனை அழவைத்துவிடுவாள். அதற்கு மேல் பேச வேண்டியிருந்தால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். நான் மராத்திப் பள்ளிக்கூடத்தில் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். இந்தி தெருவிலேயே வந்துவிட்டது. மொழிபெயர்ப்பு வேலைக்குச் சம்பளம் ஒரு வடாபாவ். என்னைவிட முக்கியமான ஆள் பம்பாயில் கிடையாது என்பது அப்போது என் அபிப்பிராயம்.

மழைக்காலம் முடிந்த கையோடு செம்பூரில் ஒரு மைதானத்தில் விவசாயக் கண்காட்சி நடந்தது. நாங்கள் உள்ளே போனது விவசாயத்துக்காக அல்ல. வாசலில் இலவசமாக மோர் கொடுத்தார்கள். இரண்டாவது டம்ளர் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டே போன சித்தி ஓர் அரங்கின் முன்னால் நின்றுவிட்டாள். உத்தரத்திலிருந்து வைக்கோல் அடைத்த ஒரு பாலித்தீன் பை தொங்கியது. அதன் உடம்பைக் கிழித்துக்கொண்டு கொத்துக் கொத்தாக வெள்ளைக் காளான்கள். சித்தி மோரை மறந்தாள்.

அரங்கில் ஓர் இளம்பெண் இருந்தார். ஒரு வேளாண் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையத்தில் வேலை. நாங்கள் கடைசிவரை அவரை மேடம் என்றே கூப்பிட்டோம்.

"ஏட்டி, இது நம்ம வீட்ல வளருமான்னு கேளு."

கேட்டேன். உங்களுக்கு நிலம் எவ்வளவு இருக்கிறது என்று மேடம் திருப்பிக் கேட்டார்.

"நெலமா? காலை நீட்டிப் படுக்க எடமில்லன்னு சொல்லு."

எங்கள் குடும்ப மானத்தைக் காப்பாற்றும் பொருட்டு, "நிலம் கொஞ்சம் கம்மி" என்று இந்தியில் சொன்னேன். மேடம் சிரித்துவிட்டார். இதற்கு நிலமே வேண்டாம், இருட்டும் ஈரமும் இருந்தால் போதும் என்றார்.

"அது ரெண்டும் நம்மகிட்ட கெடக்கே!" என்று சித்தி துள்ளிய துள்ளலில் பக்கத்து அரங்கில் தென்னங்கன்று வாங்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமையே மேடம் எங்கள் சந்துக்கு வந்துவிட்டார். இரும்பு ஏணியில் ஏறிப் பரணைப் பார்த்தார். செயல்விளக்கத்துக்கு இந்த இடம் போதும் என்றார். அந்தப் பரண் சித்தப்பா படுக்கிற இடம். தோல்பைப் பட்டறையிலிருந்து திரும்பியவர், "இனிமே இங்க நான் படுக்கணுமா, காளான் படுக்கணுமா?" என்று கேட்டார். "காளான்தான்" என்று சித்தி யோசிக்காமல் சொன்னாள்.

எருமைத் தொழுவத்திலிருந்து வைக்கோல் வந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஊறவைத்து, கல்யாண அண்டாவில் வேகவைத்தோம். சந்து முழுக்க வைக்கோல் வெந்த வாசனை. ஆறவைத்து, பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு காளான் விதை என்று நிரப்பினோம். விதை என்பது கோதுமை மணியில் வெள்ளையாகப் பூத்த பூசணம்தான். மேடம் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார்.

பை கட்டும்போது, உங்கள் முதலாளி யார் என்று மேடத்திடம் கேட்டேன். எங்கள் சந்தில் எல்லாருக்கும் ஒரு முதலாளி உண்டு. அவர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். பல்கலைக்கழகத்துக்கு மூன்று வேலை: பாடம் சொல்வது, ஆராய்ச்சி செய்வது, கண்டுபிடித்ததை ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இந்த மூன்றாவதுதான் விரிவாக்கம். பல்கலைக்கழகத்தை நடத்துவது மாநில அரசு. ஆனால் மேடத்தின் மையத்துக்குப் பணம் டெல்லியிலிருந்து வருகிறது. மையம் இருக்கிற கட்டடம் பல்கலைக்கழகத்துடையது, விதை திட்டத்துடையது, மேடம் ஒப்பந்தத்தில் இருக்கிறார்.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: எங்கள் தெருக்குழாய் மாதிரி, மேலே எங்கேயோ ஒருவர் திறந்தால்தான் கீழே வரும். சித்தியிடம் அப்படியே சொன்னேன். "பாவம், அவுகளும் குடத்தத் தூக்கிக்கிட்டு வரிசையிலதான் நிக்காக" என்றாள் சித்தி.

செவ்வாய்க்கிழமைதோறும் மேடம் வந்து பார்த்துவிட்டுப் போனார். பைகள் மெல்ல மெல்ல வெளுத்தன. ஒருநாள் காலை, பல்கூட விளக்காமல் பரணில் ஏறினேன். பையின் கீறலில் குண்டூசித் தலைகள்! நான் போட்ட கூச்சலில் சித்தப்பா தீ என்று நினைத்துப் பக்கெட்டோடு ஓடிவந்தார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எனக்கு எதுவும் ஏறவில்லை. சாயங்காலம் பார்த்தால் பட்டாணி அளவு. மறுநாள் குட்டிக் குடைகள். சந்தே ஏணி ஏறி இறங்கியது.

மேடமும் வந்து பார்த்துப் பூரித்தார். கூடவே ஒரு செய்தியும் கொண்டுவந்தார். மறுநாளே டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். நிலமே இல்லாத நகரத்தில் விரிவாக்க மையம் எதற்கு என்று அங்கே கேட்கிறார்களாம். அவர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பணம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். விதை, பயிற்சி, எல்லாம் நிற்கும். காட்டுவதற்கு மேடத்திடம் இருந்தது எங்கள் பரண்தான்.

சித்தி வீட்டுக்குச் சுண்ணாம்பே அடித்துவிட்டாள். ஆனால் அதிகாரி வரவில்லை. பயணம் தள்ளிப்போய்விட்டது, வெள்ளிக்கிழமைதான் என்று மேடம் போனில் சொன்னார். காளானுக்கு டெல்லியின் சௌகரியம் தெரியாது. குடைகள் விரிந்து ஓரம் மஞ்சளாகத் தொடங்கின. வேறு வழியில்லாமல் சித்தி அத்தனையையும் அறுத்துக் குழம்பு வைத்தாள். கறிக்குழம்பு மாதிரியே இருந்தது. அவள் மட்டும் ரசம் ஊற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை டெல்லி சார் வந்தார். உயரமான மனிதர், எங்கள் சந்துக்குள் பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது. ஏணியில் ஏறிப் பரணுக்குள் தலையை நுழைத்தார். மொட்டைப் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"இதில் காளான் எங்கே?"

மேடம் விளக்க ஆரம்பித்தார். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இறங்கினார். சித்தி என் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"ஏட்டி, சொல்லிரவா?"

எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். மேடம் கொடுத்ததில் மிஞ்சிய விதையை, மேடத்துக்குத் தெரியாமல், எதிர்வீட்டு அப்பளக்கார அக்காவுக்கும் பட்டறை முதலாளி பாய் வீட்டு அம்மாவுக்கும் இன்னும் சில வீடுகளுக்கும் பங்குபோட்டுக் கொடுத்திருந்தாள். வைக்கோல் வேகவைப்பதையும் அவளே சொல்லிக்கொடுத்தாள். "கவர்மெண்டு வெத, கேட்டா ஏசுவாக" என்று என் வாயையும் கட்டியிருந்தாள்.

"சொல்லுங்க சித்தி!"

சித்தி எனக்காகக் காத்திருக்கவில்லை. "சார்! நஹி நஹி! வாங்க!" என்று டெல்லி சாரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குள் போனாள். அப்பள மாவுப் பானைக்குப் பின்னால், ஈரச் சாக்கைத் தூக்கினால், பூத்துக் குலுங்கிக்கொண்டு ஒரு பை! அங்கிருந்து பாய் வீடு. குளிக்கிற மூலையில் இரண்டு பை, இன்னும் மொட்டு விடுகிற பருவத்தில். பெண்கள் ஆளாளுக்கு, "சார், என் வீட்டுக்கு வாங்க, எனக்குத்தான் பெருசு" என்று தமிழிலும் இந்தியிலும் கத்தினார்கள். கட்டிலுக்கு அடியில் ஒன்று, தையல் மெஷின் பக்கத்தில் ஒன்று. நான் முன்னால் ஓடிக் கதவு கதவாகத் தட்டினேன். என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை, நானும் ஓயவில்லை.

டெல்லி சார் வேர்த்துக் கொட்டியபடி நின்றார். "இவர்களுக்கெல்லாம் யார் பயிற்சி கொடுத்தது?" என்று மேடத்தைக் கேட்டார்.

மேடம் சித்தியைக் காட்டினார். அவர் கண் நிறைந்திருந்தது.

"இதைத்தானம்மா விரிவாக்கம் என்கிறோம்" என்றார் சார். பிறகு அப்பளக்கார அக்கா வீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து டீ குடித்தார். வரும் ஆண்டும் மையம் இருக்கும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். சந்தில் யாரோ சீட்டியடித்தார்கள். சித்தப்பா எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிவந்தார்.

சாயங்காலம், எல்லாரும் போன பிறகும் மேடம் கிளம்பவில்லை. சித்தியை உட்காரவைத்து, விதை எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்க வேண்டும், பச்சைப் பூசணம் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். இவ்வளவு தெரிந்த சித்தியை எதற்கு மக்குப் பிள்ளை மாதிரி படுத்துகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. பைகளுக்குத் தண்ணீர் அடிக்கிற தன்னுடைய தெளிப்பானையும் விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார்.

டெல்லி திறந்துவிட்ட பணம் மையத்துக்கு மட்டும்தான். மேடத்தின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்பதும், அது அவருக்கு முன்பே தெரியும் என்பதும், நான் பெரியவளான பிறகுதான் சித்தி சொல்லித் தெரிந்தது. சித்திக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்ததாம்.

நாங்கள் இருவரும் அவரைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுபோய்விட்டோம். ஜிலேபி ஒட்டிய விரலை நக்கிக்கொண்டே, "அடுத்த செவ்வாய்க்கிழமை சீக்கிரம் வாருங்கள், பாய் வீட்டு மொட்டு விரிந்திருக்கும்" என்று மராத்தியில் சொன்னேன். மேடம் பேருந்துப் படியில் நின்று என் கன்னத்தைத் தொட்டார். "ஹோ, பாளா, ஹோ" என்றார்.

பாளா என்றால் குழந்தை, ஹோ என்றால் ஆமாம். இதைவிடச் சுலபமான சொல் மராத்தியில் இல்லை. "என்னளா சொல்லுதாக?" என்று கேட்ட சித்தியிடம், உரக்க, பெருமையாக மொழிபெயர்த்தேன்.

"வருவாங்களாம், சித்தி."