தீவில் இருமக் கூடாது

தீவுக்குப் போகிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போகுமுன் ஒரு தடவை, திரும்பி வந்ததும் வராததுமாக ஒரு தடவை. எனக்கு ஏழு வயது. என்னை யாராவது தொட்டாலே சிணுங்குகிற ஜாதி நான்.

யோசனை சித்தப்பாவுடையது. அவர் ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் லாரி ஓட்டினார். லூமுட் துறைக்குப் போய்க் கருவாடு ஏற்றி வருவது வேலை. தீபாவளிக்குத் தோட்டத்தில் விடுமுறை. லாரியோ போகும்போது காலி. துறைக்கு எதிரே உள்ள பங்கோர் தீவில் அவருக்குப் பழக்கமான மலாய்க்காரர் ஒருவர் இருந்தார். ஒருநாள் இருந்து மீன் தின்றுவிட்டு வரலாம் என்றார். எங்கள் லய வீடுகளில் அதுவரை யாரும் சும்மா ஓர் ஊருக்குப் போனதில்லை. கல்யாணம், கருமாதி, கோயில், ஆஸ்பத்திரி, இதற்குத்தான் போவார்கள். அப்பாவுக்கே வெட்கமாகி, ஏதோ வேண்டுதல் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தார்.

அம்மாவுக்கு வெட்கம் இல்லை, பயம். தீவு என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஊரை விட்டு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்களைப் பினாங்குக்குப் பக்கத்தில் ஒரு தீவில் இறக்கி, காய்ச்சலா, அம்மையா என்று பார்த்து, நாள்கணக்கில் கொட்டகையில் வைத்திருந்த பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்புவார்கள். உடுத்த துணியை வாங்கி ஆவியில் வேகவைப்பார்களாம். காய்ச்சல் கண்டவரைத் தனியாகப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்களாம். நான் பிறக்குமுன் அம்மாவும் அப்பாவும் அந்த வழியாக வந்தவர்கள். இந்தத் தீவில் என்னைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று அவள் நிச்சயமாக நம்பினாள்.

“இது வேற தீவு அண்ணி. கொட்டகையெல்லாம் கிடையாது லா,” என்றார் சித்தப்பா.

“அன்னைக்கும் இப்படித்தான் சொல்லி இறக்குனாங்க,” என்றாள் அம்மா.

வரவே மாட்டேன் என்று நின்றவள், கிளம்புவதற்கு முதல் நாள் திடீரென்று, நானும் வாரேன் என்றாள். ஒரு சேலை பறிபோனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு சேலையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டாள். மூட்டையில் கன்னியின் பச்சைப் பாவாடையையும் வைத்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா எனக்கு ஒரு பாவாடையும் கன்னிக்கு ஒரு குட்டிப் பாவாடையும் எடுப்பார். விளக்கு முன்னால் வளையலோடு வைத்துக் கும்பிட்டு, தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். கன்னி என்பது ஏதோ ஒரு குள்ளமான சாமி என்று நான் நினைத்திருந்தேன்.

கெட்ட நேரம், எனக்கு அப்போது இருமல். லாரி ஏறுமுன்பே அம்மா உத்தரவு போட்டுவிட்டாள். “தோணியில இருமக் கூடாது. வந்துச்சுன்னா எச்சியை முழுங்கு.”

தோணியில் எங்களுக்கு எதிரே வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக ஒரு மலாய்க்காரர் உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்டதும் அம்மா என்னை முழங்கால்களுக்கு நடுவே இழுத்து முந்தானையால் மூடினாள். என் தொண்டையில் எறும்பு ஊர்ந்தது. முழுங்கினேன். மறுபடி முழுங்கினேன். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இருமாதே என்று சொன்னால்தானே இருமல் வரும்? கடைசியில் தோணியே ஆடும்படி வெடித்துவிட்டது. அந்த மனிதர் குனிந்து என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அம்மா எழுந்து அவர் கையைப் பிடித்துத் தள்ளினாள். அன்னிய ஆணின் கையை அவள் தொட்டு நான் பார்த்தது அன்றுதான்.

“காச்சல் இல்லைங்க ஐயா. கருவாட்டுத் தூசி. புள்ள நல்லா இருக்கு, தொட்டுப் பாருங்க,” என்று தமிழிலேயே கெஞ்சினாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் அங்கே பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று சொல்லிச் சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

தீவில் எங்களை யாரும் வரிசையில் நிறுத்தவில்லை. அத்தாப்பு ஓலை வேய்ந்த நாலைந்து வீடுகள், காயப்போட்ட வலைகள், கருவாட்டைக் காவல் காக்கிற சாக்கில் தூங்கும் ஒரு பூனை. அத்தனை அமைதியும் அம்மாவை இன்னும் கலவரப்படுத்தியது. கடலில் காலை நனைக்க வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் ஆசை. அவள் என் கையை விடவில்லை. சித்தப்பாவின் சிநேகிதர் வீட்டில் சாப்பிடும்போதுகூட அவள் இடக்கை என் மணிக்கட்டில் இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. மீனைத் தொடாமல் அழுதேன்.

திரும்பும் நேரத்தில் அவளாகவே என்னைத் தண்ணீருக்கு அழைத்துப் போனாள். கணுக்கால் நனைந்தது. அம்மா மூட்டையை அவிழ்த்து, வளையல்களைப் பச்சைப் பாவாடைக்குள் வைத்து முடிந்து, அலையில் விட்டாள்.

“இது அந்த எடம் இல்ல புள்ள,” என்றார் அப்பா மெல்ல.

“தீவு வேறதான். தண்ணி ஒண்ணுதானே.”

அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. அம்மா இடுப்பளவு இறங்கி மறுபடி தள்ளிவிட்டாள். புதுப் பாவாடை வீணாகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. எனக்காவது தந்திருக்கலாமே என்று கேட்டேவிட்டேன். அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “உனக்குப் பத்தாதும்மா,” என்றாள்.

திரும்பும்போது தோணியில் நான் தாராளமாக இருமினேன், அவள் தடுக்கவில்லை. லாரியில் கருவாட்டு நாற்றத்துக்கு நடுவே எனக்கு ஒரே யோசனை. என் பாவாடையை வருஷா வருஷம் நீளமாக எடுக்கிற அப்பா, கன்னிக்கு மட்டும் ஏன் இரண்டு வயதுக் குழந்தை அளவிலேயே எடுக்கிறார்? சாமிகள் வளராது போல என்று முடிவு கட்டிக்கொண்டு தூங்கிப்போனேன்.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதையும், காய்ச்சல் என்று அவளை அந்தக் கொட்டகையில் வாங்கிக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை என்பதையும், என் முதல் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோதுதான் அம்மா சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவன் நெற்றியிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.