மாத்திரையை நிறுத்திய வருஷம்

ஷர்மிளாவுக்கு ரத்தப் புற்றுநோய் இருப்பது மாதனூரில் அவள் கணவன் ஜெஸ்டனுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தேதான் கட்டிக்கொண்டான். அதற்காக அவள் தினமும் போடும் மாத்திரையை மாமியார் கிருபாவிடம் சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தார்கள். காலையில் சாப்பிட்டதும் அதை விழுங்கிவிட்டு, ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர் ஃபீபி முன்பே விளக்கியிருந்தார். எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லுக்குள் இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. ஒட்டிய இடத்தில் உருவான புது மரபணு ஒரு புரதத்தைச் செய்கிறது. சாதாரண செல் வெளியிலிருந்து உத்தரவு வந்தால்தான் பெருகும். இந்தப் புரதமோ உத்தரவே இல்லாமல் 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் சமிக்ஞை கொடுக்கும். மாத்திரை அதை அடக்கி வைக்கும், மரபணுவைத் திருத்தாது. பிள்ளைக்கு இது போகாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மாத்திரை கருவைப் பாதிக்கும் என்பதால், குழந்தை வேண்டும் என்றபோது டாக்டர் தயங்கினார். சில வருஷம் பரிசோதனையில் அந்த மரபணு தட்டுப்படாமல் இருந்த பிறகுதான் நிறுத்தச் சம்மதித்தார். கரு தங்கியது. ஆறாம் மாதம் ரத்தத்தில் மரபணு மறுபடி தலைகாட்டியது. வயிற்றில் பிள்ளை அசையும்போதெல்லாம் அதுவும் கூடவே வளர்கிறது என்ற நினைப்பில் ஷர்மிளா விறைத்துப்போவாள். மாத்திரைக்குப் பதில் கருவைப் பாதிக்காத ஊசி போட்டார்கள். ஊசி போட்ட நாளெல்லாம் காய்ச்சல்.

பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறியிருந்ததால் உடனே மாத்திரையைத் தொடங்கச் சொன்னார் டாக்டர். அது பாலில் இறங்கும்; தாய்ப்பால் கூடாது.

வீட்டில் பால் கட்டி மார்பு கல்லாய் வலித்தது. வீறிட்ட குழந்தையைக் கிருபா அவள் மடியில் கிடத்தினார்.

"புள்ள பசில அழுவுது. இன்னா பிடிவாதம் இது?"

ஜெஸ்டன் வாயைத் திறக்குமுன் ஷர்மிளாவே சொன்னாள்.

"எனக்கு ரத்தத்துல கேன்சர் அத்த. அந்த மாத்திர அதுக்குத்தான். அத போட்டுக்கினா பால் குடுக்கக் கூடாது."

கிருபா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, எது வரைக்கும் போடணும் என்று கேட்டார்.

"தெரியல அத்த. நிறுத்திப் பாத்தேன், வந்துடுச்சி."

கிருபா பால் பவுடர் கலக்க அடுப்படிக்குப் போனார். அங்கிருந்து குழந்தையின் அழுகை கேட்கக் கேட்க, ஷர்மிளாவுக்குப் பால் கசிந்து நைட்டி நனைந்தது. எழுந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.