சீரகத் தண்ணீரும் நான் சொன்ன வார்த்தையும்

ஏழாம் மாதத்தில் வயிறு இறுகினால் எங்கள் பக்கத்தில் முதலில் அடுப்பில் ஏறுவது சீரகத் தண்ணீர். குடித்ததும் நின்றால் சூட்டு வலி, நிற்காவிட்டால்தான் ஆஸ்பத்திரி. கம்பம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்த காலம் முழுக்க இந்தச் சீரகத்தோடு மல்லுக்கட்டியே என் தொண்டை போனது.

என்னிடம் மாதாமாதம் பார்க்க வந்த ஒரு பெண், தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். முதல் பிள்ளை குறைமாதத்தில் பிறந்து தங்கவில்லை. அதனால் இந்தமுறை அவளிடமும் மாமியாரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தேன், வலி வந்தால் உடனே வந்துவிட வேண்டும் என்று.

வந்தார்கள், பனிக்குடம் உடைந்த பிறகு. தோட்டத்திலிருந்து நேராக, சேலை நனைந்து, ஏழு மாத வயிற்றோடு. மூன்று நாளாக வயிறு இறுகி இறுகி விட்டிருக்கிறது. மாமியார் சீரகத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அடங்கியிருக்கிறது. மறுநாள் ஜீப் ஏறிவிட்டாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! டாக்டர் சொன்ன ஊசியைப் போட்டு, இடப்பக்கமாகப் படுக்கவைத்து, தேனிக்குக் கொண்டுபோக வண்டிக்குச் சொல்லிவிட்டு, மாமியாரை வாய்க்கு வந்தபடி வைதேன். பிள்ளையைக் கொல்லப் பார்த்தீர்களா என்றுகூடக் கேட்டேன். அந்தம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். கட்டிலில் கிடந்தவள்தான் பேசினாள்.

"அத்தைய வையாதீக சிஸ்டர். வலிச்சாத்தான வரச் சொன்னீக? எனக்கு வலிக்கவே இல்லயே. வயிறு இறுகும், விட்டுரும். இடுப்புக் கடுக்கும். குனிஞ்சு காய் எடுக்குற எல்லாருக்கும் கடுக்கத்தான செய்யும்."

வயிறு இறுகுவது, இடுப்புக் கடுப்பு, அடிவயிற்றுக் கனம், நீர் கசிவது எல்லாம் குறைப்பிரசவத்துக்கு அறிகுறி என்பது எனக்குப் பாடம். சொல்ல நேரமாகிறதென்று அத்தனையையும் 'வலி' என்று ஒரே வார்த்தையில் அடக்கியிருந்தேன். நாள் முழுக்க உடம்பு நோகிறவளிடம் போய் வலி வந்தால் வா என்றால் அவள் எந்த வலிக்கு வருவாள்? அறிவுகெட்டவள் நான்.

பிள்ளை தேனியில் நான்கு நாள் மூச்சுவிட்டது.

அதன்பின் வந்தவர்களின் கையைப் பிடித்து அவர்கள் வயிற்றிலேயே வைத்துக் காட்டினேன். நெற்றி மாதிரி கெட்டியாகி, ஒரு மணி நேரத்தில் நாலு தடவை இறுகினால், வலிக்காவிட்டாலும் வா என்றேன்.

ஒரு மாதம் கழித்து மாமியார் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"நீ வஞ்சது சரிதான் தாயி. நாந்தான் கொன்னுட்டேன்" என்றார்.

இல்லை, என் தப்பும் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றிலும் ஆள் இருந்தது. சத்து மாத்திரையை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.