பழப்புளி போட்டு மினுக்கின ராசா

எங்கட மனுசனுக்கு வேலையால நிண்ட பிறகு பிடிச்ச பைத்தியம் இந்த வெண்கலக் காசு. ரோமாபுரி ராசாக்கள் கிரேக்கச் சனத்தின்ர ஊருகளைப் பிடிச்சு வைச்சிருந்த காலத்துக் காசாம். ஒரு பக்கம் ராசாவின்ர தலை, மற்றப் பக்கம் அந்தந்த ஊர்ச் சாமி. ஊரைப் பிடிச்சவன்கூடச் சாமியில கை வைக்கேல்லை எண்டு இவர் சொல்லுவார். நான் வைச்சன்.

என்ர ஊறுகாய்ப் போத்தலுகளுக்குள்ள இப்ப ஊத்தை இளக ராசாமார்தான் ஊறுகினம். எனக்கு மருந்து எடுத்துத் தர மறக்கிற மனுசன், அவைக்குத் தண்ணி மாத்த மறக்கமாட்டார்.

அதில ஒரு காசை மூண்டு மாசமாப் பல்லுக்குத்துற குச்சியால சுரண்டினார். சாமியைச் சுத்தி இருக்கிற எழுத்தை வாசிச்சாத்தான் எந்த ஊர்க் காசெண்டு தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமை காசு சேர்க்கிற ஆக்களின்ர கூட்டத்தில அந்த ஊர்ப் பேரைச் சொல்லவேணும் எண்டு ஒற்றைக்காலில நிண்டார். நாங்கள் இருக்கிற டொலார்ட்டில இருந்து ரெண்டு பஸ் மாறிப் போற கூட்டம்.

வியாழக்கிழமை நான் குத்துவிளக்கு மினுக்கினன். கையில பழப்புளியும் உப்பும். பாவம், மனுசன் கண் தெரியாமல் கஷ்டப்படுது எண்டு அந்தக் காசையும் எடுத்துத் தேய்ச்சன். ராசா மாப்பிள்ளை மாதிரி வந்தார்.

"இஞ்சருங்கோ, உங்கட ஆளை முழுக வாத்திருக்கிறன்."

யன்னலடியில கொண்டுபோய்க் கண்ணாடி வைச்சுப் பாத்தார். "எழுத்தெங்கையப்பா?"

"ஊத்தைதானே போனது."

"எழுத்து அந்தப் பச்சைக் களிம்பிலதான் இருந்தது. கீழ எல்லாம் எப்பவோ அரிச்சுப் போச்சு."

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. பச்சை பிடிச்சதைக் கண்டா மினுக்கு மினுக்கு எண்டு என்னைப் பழக்கினதே இவற்ற தாய்தான்.

"தேய்க்கேக்க எழுத்தேதும் கண்டனீரோ?"

"கண்டனான். வளைஞ்சது ஒண்டு, தடி மாதிரி ஒண்டு. தமிழையே ரெண்டாம் வகுப்போட விட்டனான், எனக்குக் கிரேக்கமோ? சாமியைக் கேளுங்கோ, சொல்லுறன். தலையில மதில் மாதிரி முடி வைச்ச பொம்பிளை."

"அவள் எல்லா ஊர்க் காசிலயும் இருக்கிறாள்" எண்டார்.

ஒரு சின்னக் கடதாசி உறையில காசைப் போட்டு, மேல 'ஊர் தெரியாது' எண்டு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கெண்டு ஜாக்கெட்டும் சப்பாத்தும் போட்டார், பேந்து ரெண்டையும் கழட்டிப்போட்டு வந்து இருந்தார். ஏசியிருந்தா நானும் தாயை இழுத்து நாலு சொல்லிக் குடுத்திருப்பன்.

"ஒருக்கா ஏசுங்கோவனப்பா" எண்டன்.

"ஏசினா எழுத்து வருமோ?" எண்டார்.